எதனுடனும் சேராததற்கு எதற்கு ஒரு நிரல்?

மல்லாவியிலிருந்து ஒரு மாணவன் கேட்டது:

"ரீச்சர், ஈலியம், நேயன், ஆகன் போன்ற விழுமிய வாயுக்கள் ஒன்றோடும் சேராது என்றுதான் படித்தோம். சேராது என்றால் சேர்வை இல்லை, சமன்பாடு இல்லை, சோதனையில் ஒரு வரிக் கேள்வி மட்டும்தான். ஆவர்த்தன அட்டவணையில் அந்தக் கடைசி நிரலை வெட்டி எடுத்துவிட்டால் என்ன குறையும்?"

ஜூன் 4, 2024

வெட்டி எடுத்த அட்டவணையில் நான் படித்திருக்கிறேன், தம்பி. 1997இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் இருந்தோம். பள்ளிக்கூடம் கிடுகுக் கொட்டில். விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சர் ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அட்டவணை கீறிக்கொண்டு வந்தார். இடமிருந்து கீறிக்கொண்டு போனபோது தாளின் அகலம் போதவில்லை. புளோரின், குளோரின் நிரலோடு தாள் முடிந்துவிட்டது. கடைசி நிரலை வேறொரு துண்டில் எழுதி, கோதுமை மாப் பசை காய்ச்சி ஒட்டினார். ஒரு மாதத்தில் கரப்பான் பசையைத் தின்று துண்டு விழுந்துவிட்டது. தவணை முடியும் வரை அந்தத் துண்டு இல்லாமலே படித்தோம்.

அப்போது எனக்கும் ஒன்றும் குறையவில்லை என்றுதான் தோன்றியது. அதனால் உன் கேள்வியை நான் தவறாக எடுக்கவில்லை.

ஜூன் 4, இரவு

காலையில் கதையை எழுதினேன், பதிலை எழுதவில்லை.

அந்தத் துண்டு விழுந்த பிறகு ரீச்சர் சோடியத்தைப் படிப்பித்தார். "சோடியம் ஓர் இலத்திரனை இழக்கும், குளோரின் ஓர் இலத்திரனை ஏற்கும்." ஏன் ஒன்று? ஏன் இரண்டில்லை? அட்டவணையைப் பார்த்தால் விடை இல்லை, ஏனென்றால் விடை இருந்த துண்டு தரையில் கிடந்தது. சோடியத்துக்கு 11 இலத்திரன், ஒன்றை விட்டால் 10. அது நேயனின் எண்ணிக்கை. குளோரினுக்கு 17, ஒன்றை வாங்கினால் 18. அது ஆகனின் எண்ணிக்கை. ஆனையிறவு உப்பில் ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார். அதிலுள்ள சோடியம் அயன் ஒவ்வொன்றும் நேயனைப் போலவும் குளோரைட்டு அயன் ஒவ்வொன்றும் ஆகனைப் போலவும் இலத்திரன்களை அடுக்கி வைத்திருக்கிறது. மற்றவை எங்கே போய் நிற்கப் பார்க்கின்றன என்பதைக் காட்டும் நிரல் அது. அதை வெட்டினால் மிச்ச அட்டவணையில் பெயர்கள் இருக்கும், காரணம் இருக்காது.

என் பெரியப்பா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். உப்புக் கரைசலுக்குள் மின்னைச் செலுத்தி, ஒரு பக்கம் குளோரினும் மறுபக்கம் எரிசோடாவும் எடுத்தார்கள். "உப்பைப் பிரிக்கிறதுக்கு எவ்வளவு கரண்ட் வேணும் தெரியுமா" என்று அவர் அடிக்கடி சொல்வார். நேயன், ஆகன் ஒழுங்கில் போய் அமர்ந்துவிட்டதை அங்கிருந்து இழுத்தெடுக்கிற செலவு அது என்று எனக்கு விளங்கியபோது அவர் உயிருடன் இல்லை.

ஜூன் 6

ஒரு வாசகி, உயர்தரம் படிப்பிக்கிறவர், கேட்டிருக்கிறார்: "வெளி மட்டம் நிரம்பியதால் உறுதி என்று நீங்களும் சொல்லப் போகிறீர்களா? ஆகனின் மூன்றாம் சக்தி மட்டம் 18 இலத்திரன் கொள்ளும். இருப்பது 8. எங்கே நிரம்பியது?"

நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். "நிரம்பியது" என்ற சொல் ஈலியத்துக்கும் நேயனுக்கும் பொருந்தும், ஆகனுக்கு அப்படியே பொருந்தாது. ஆகனில் மூன்றாம் மட்டத்தின் முதல் இரண்டு உபமட்டங்கள்தான் முழுமையானவை, மூன்றாவது வெறுமையாக இருக்கிறது. அந்த இரண்டும் முடிந்ததும் அடுத்து வரும் இலத்திரன் உட்காரக்கூடிய இடம் மிக உயரத்தில் இருக்கிறது. உறுதிக்குக் காரணம் அந்த உயர வித்தியாசம். எண்களைப் பார்த்தால் தெரியும். ஓர் இலத்திரனைப் பிடுங்குவதற்கு குளோரினுக்கு மூலுக்கு 1251 கிலோயூல், ஆகனுக்கு 1521, அடுத்த வீட்டுப் பொற்றாசியத்துக்கு வெறும் 419. வரம்பின் மேல் நடந்து போய் ஒரேயடியாக வாய்க்காலுக்குள் கால் வைத்த மாதிரி.

வெளி மட்டத்தில் எட்டு இலத்திரன் இருந்தால் உறுதி என்ற "எட்டு" விதியும் அப்படித்தான். ஈலியத்துக்கு இரண்டே இரண்டு. முதல் ஆளிலேயே எட்டு விதி பொய்க்கிறது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், அது பெரிய விடயம்.

ஜூன் 11

இந்த நிரல் எப்படி அகப்பட்டது என்பதை ஒருவரும் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், இரசாயனத்தில் எனக்கு மிகப் பிடித்த கதை இது.

பிரித்தானிய விஞ்ஞானி ரேலி பிரபு நைதரசனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து ஒட்சிசன் முதலானவற்றை நீக்கி எடுத்த நைதரசன் லீற்றருக்கு 1.2572 கிராம். அமோனியா போன்ற சேர்வைகளிலிருந்து எடுத்தது 1.2505 கிராம். வித்தியாசம் அரை வீதத்தைவிடச் சற்றுத்தான் அதிகம். ஆய்வுகூடத்தில் என் மாணவர் ஒருவர் இந்த இரண்டு எண்களோடு வந்தால், அளவீட்டு வழு என்று எழுதி கையெழுத்து வைத்துவிடுவேன். ரேலி அப்படி விடவில்லை. திரும்பத் திரும்ப அளந்தார், வித்தியாசம் மறையவில்லை. 1892இல் சஞ்சிகைக்குக் கடிதம் எழுதி மற்றவர்களிடம் காரணம் கேட்டார். பிறகு வில்லியம் ராம்சே சேர்ந்தார். காற்று நைதரசனைச் சூடான மக்னீசியத்தின் மேல் திரும்பத் திரும்பச் செலுத்தி நைதரசன் முழுவதையும் பிடித்துவிட்டுப் பார்த்தார். கொஞ்சம் மிஞ்சியது. எதனோடும் சேராமல் மிஞ்சியது. 1894இல் அறிவித்தார்கள். கிரேக்கத்தில் சோம்பேறி என்று பொருள்படும் சொல்லிலிருந்து ஆகன்.

அதற்கு நூறு வருடத்துக்கு மேல் முன்பே, 1785இல், கவென்டிஷ் அதே மிச்சத்தைக் கண்டிருந்தார். மின்பொறி விட்டு விட்டு நைதரசனை எல்லாம் தீர்த்த பிறகும் 120இல் ஒரு பங்குக்கு மேற்படாத சிறு குமிழ் ஒன்று எஞ்சியது என்று எழுதி வைத்தார். அந்தக் குமிழ் நூறு வருடம் புத்தகத்துக்குள் கிடந்தது.

மூலகங்களை ஆவர்த்தன அட்டவணையாக அடுக்கிய மெண்டலீவின் 1869 அட்டவணையிலும் இந்த நிரல் இல்லை. கலியத்துக்கும் ஜேர்மானியத்துக்கும் கண்டுபிடிக்க முன்பே இடம் விட்ட மனிதர், இதற்கு இடம் விடவில்லை. ஆகன் வந்தபோது அது மூன்று நைதரசன் அணு சேர்ந்த ஒன்றாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். 1898இல் ராம்சேயும் டிராவர்சும் திரவக் காற்றைச் சிறிது சிறிதாக ஆவியாக்கி, ஒரு கோடைக்குள் கிரித்தன், நேயன், செனன் மூன்றையும் எடுத்தார்கள். பிறகு அட்டவணையைக் குலைக்கத் தேவைப்படவில்லை, ஓரத்தில் ஒரு நிரலை ஒட்டினால் போதுமாக இருந்தது. மெண்டலீவும் ஏற்றுக்கொண்டார்.

எங்கள் ரீச்சர் மாப் பசை காய்ச்சி ஒட்டியதும் இதுதான் என்று நினைக்கிறபோது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஜூன் 19

அண்ணாவின் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஓர் அலுமினியப் பகுதியில் வெடிப்பு விழுந்துவிட்டது. ஆகன் வெல்டிங் செய்யும் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். ஒட்டித் தந்தார்கள், மூன்றாம் நாள் அதே இடத்தில் கசிந்தது. உடைத்துப் பார்த்தால் ஒட்டு முழுக்கப் பொத்தல், அரித்த பிட்டு மாதிரி. அண்ணாவுக்குச் சரியான கோபம், விதைப்புக்கு முன் காசும் போய் நாளும் போயிற்று.

வேறொரு கடையில் வயதான ஒருவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே சொல்லில் சொன்னார்: "சோளகம்."

முதற்கடைக்காரர் வாசலில், சோளகம் என்கிற அந்தத் தென்மேல் காற்றுக்கு நேரே வைத்து ஒட்டியிருக்கிறார். உருகிய அலுமினியம் ஒட்சிசனைத் தொட்ட கணத்திலேயே ஒட்சைட்டாகும். அதைத் தடுக்கத்தான் டங்ஸ்ரன் ஊசியைச் சுற்றி ஆகன் வருகிறது. ஆகன் காற்றைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு பாரம், அதனால் உருகிய இடத்தின் மேல் போர்வை போலப் படிந்து நிற்கும். வன்னிச் சோளகத்தில் எந்தப் போர்வை நிற்கும்? அவர் மூன்று பக்கமும் தகரம் மறைத்து, கதவைச் சாத்திவிட்டு ஒட்டினார். இன்றுவரை கசியவில்லை.

தம்பி, "சேராது" என்பதை நீ குறையாகச் சொன்னாய். அந்தச் சிலிண்டருக்குக் காசு கொடுப்பதே அது சேராது என்பதற்காகத்தான்.

ஜூன் 20

ஒன்று விட்டுப்போனது. உலர் காற்றில் நைதரசன், ஒட்சிசனுக்கு அடுத்தது எது என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் காபனீரொட்சைட்டு என்பார்கள். ஆகன்தான், 0.93 வீதம். காபனீரொட்சைட்டைப் போல இருபது மடங்குக்கு மேல்.

ஜூலை 2

பொற்றாசியத்துக்கு வருவோம். 18ஆம் இடத்தில் ஆகன், 19ஆம் இடத்தில் பொற்றாசியம். ஆனால் அணுத்திணிவைப் பார்: ஆகன் 39.95, பொற்றாசியம் 39.10. பின்னால் நிற்பது பாரம் குறைந்தது. மெண்டலீவ் திணிவின்படி அடுக்கியவர், அந்தக் கணக்கில் ஆகனைச் சோடியத்தின் கீழும் பொற்றாசியத்தை இந்த நிரலிலும் வைக்க வேண்டும். பார்த்தாலே பிழை. இந்தச் சிக்கல் 1913இல்தான் அவிழ்ந்தது. மோஸ்லி எக்ஸ் கதிர்களை வைத்து, அடுக்க வேண்டியது திணிவின்படி அல்ல, கருவின் மின்னேற்றத்தின்படி என்று காட்டினார்.

சரி, ஆகன் ஏன் பாரம்? இதற்குப் பதில் எங்கள் வயலில் கிடக்கிறது. இயற்கைப் பொற்றாசியத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்களவு பொற்றாசியம்-40. அது கதிர்த்தொழிற்பாடுடையது, அரை ஆயுள் 125 கோடி ஆண்டு. அது சிதைந்து ஆகன்-40 ஆகிறது. காற்றிலுள்ள ஆகனில் 99.6 வீதம் இந்த 40தான். பூமியின் பாறைக்குள் இருந்த பொற்றாசியம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக விட்ட மூச்சு அது. அண்ணாவின் கொட்டிலில் 50 கிலோ எம்.ஓ.பி. (பொற்றாசியம் குளோரைட்டு) பசளைப் பை கிடக்கிறது. கணக்குப் பார்த்தேன். அந்தப் பைக்குள் செக்கனுக்கு ஏறக்குறைய 7 இலட்சத்து 70 ஆயிரம் ஆகன் அணுக்கள் உண்டாகின்றன.

ஜூலை 3

நேற்றைய கணக்கு பிழை. 7 இலட்சத்து 70 ஆயிரம் என்பது சிதையும் பொற்றாசிய அணுக்களின் எண்ணிக்கை. அவற்றில் பெரும்பகுதி கல்சியமாகப் போய்விடும். நூற்றுக்குப் பதினொன்றளவுதான் ஆகனாகிறது. ஆகவே ஒரு பைக்குச் செக்கனுக்கு 80 ஆயிரம் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். சுட்டிக் காட்டிய விசுவமடு மாணவிக்கு என் அன்பு. பயப்பட ஒன்றுமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்: நம் உடலிலும் பொற்றாசியம் இருக்கிறது, அங்கும் செக்கனுக்குச் சில நூறு ஆகன் அணுக்கள் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஜூலை 15

இதை எழுதலாமா விடலாமா என்று பல நாள் யோசித்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தவணைப் பரீட்சையில், "விழுமிய வாயுக்கள் சேர்வைகளை உருவாக்க மாட்டா: சரியா, பிழையா" என்று கேட்டிருந்தார்கள். ஒரு பிள்ளை பிழை என்று எழுதி, பக்கத்தில் "செனன் சேரும்" என்று சின்னதாக எழுதியிருந்தாள். விடைத்தாள் திருத்தியது நான். விடை அட்டையில் "சரி" என்று இருந்தது. புள்ளி கொடுக்கவில்லை.

அவள் எழுதியதுதான் உண்மை. 1962இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் நீல் பார்ட்லெட், பிளாற்றினம் அணு ஒன்றும் புளோரின் அணு ஆறும் கொண்ட ஒரு சிவப்பு வாயுவோடு வேலை செய்துகொண்டிருந்தார். அது ஒட்சிசன் மூலக்கூறிலிருந்தே இலத்திரனைப் பறித்துவிட்டது. ஒட்சிசனிலிருந்து எந்த மூலகமும் சேர்வையும் அப்படிப் பறித்து அவர் கண்டதில்லை. அவர் அட்டவணையைப் பார்த்தார். ஒட்சிசன் மூலக்கூறிலிருந்து இலத்திரனைப் பிடுங்க மூலுக்கு 1175 கிலோயூல் அளவில் தேவை. செனனுக்கு 1170. ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் செனனிடமிருந்து ஏன் பறிக்க முடியாது? இரண்டு வாயுக்களையும் சேர விட்டார். அறை வெப்பநிலையிலேயே செம்மஞ்சள் தூளாகப் படிந்தது. அதே ஆண்டில் செனனும் புளோரினும் நேரே சேர்ந்த சேர்வையையும் வேறு ஆய்வுகூடங்கள் எடுத்துவிட்டன.

எனக்கு இதில் பிடித்தது ஒன்று உண்டு. நிரலின் அடியில் போகப் போக இலத்திரன் கருவிலிருந்து தள்ளி நிற்கிறது, பிடி தளர்கிறது: ஈலியம் 2372, நேயன் 2081, ஆகன் 1521, கிரித்தன் 1351, செனன் 1170. இந்த வரிசையை நாங்கள் எல்லோரும் பாடமாக்கினோம். பார்ட்லெட் அதில் கடைசி எண்ணைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "சடத்துவ வாயு" என்ற பழைய பெயரைக் கைவிட்டு "விழுமிய" என்று சொல்வதும் இதனால்தான். தங்கம் போல அரிதாகச் சேரும், சேரவே சேராது என்பதில்லை. கிரித்தனும் புளோரினோடு சேரும். ஆகனைக் கூட 2000இல் ஹெல்சிங்கியில் மிகக் கடுங்குளிரில் ஒரு சேர்வைக்குள் கொண்டுவந்தார்கள்.

அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறாள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு புள்ளியை நேரில் கொடுக்க வேண்டும்.

ஜூலை 28

பலூன் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குச் சின்ன வயதில் அம்மாவோடு போனபோது மேலே பறக்கும் பலூன் வாங்கினேன். பெரியவளான பிறகு, அதற்குள் இருந்தது ஈலியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. நான் பின்னர் பக்கத்தில் நின்று பார்த்த பலூன்காரர் சிலிண்டருக்குள் எரிசோடாவும் அலுமினியத் துண்டும் தண்ணீரும் போட்டுத்தான் வாயு எடுத்தார். அது ஐதரசன், நெருப்புப் பட்டால் பற்றும். பிள்ளைகளுக்கு அந்தப் பலூனை வாங்கிக் கொடுத்தால் கற்பூரச் சட்டிக்கும் விளக்குக்கும் தள்ளி வைத்திருங்கள். ஈலியம் பற்றாது, ஆனால் விலை அதிகம்.

ஈலியம் முதலில் அகப்பட்டது பூமியில் அல்ல. 1868 சூரிய ஒளியில், சோடியத்தின் மஞ்சள் கோடுகளுக்குப் பக்கத்தில் இன்னொரு மஞ்சள் கோடு. அடுப்பில் உப்புத் தண்ணீர் தெறித்தால் சுவாலை மஞ்சளாகுமே, அதுதான் சோடியத்தின் மஞ்சள், 589 நனோமீற்றர். புதிய கோடு 587.6. இவ்வளவு நெருக்கத்தில் நின்றும் அது வேறு ஆள் என்று வானியலாளர் லொக்கியர் நம்பினார். பூமியில் அதை ராம்சே பிடித்தது 27 ஆண்டு கழித்து, ஒரு யுரேனியத் தாதுக்குள்.

தாது என்றதும் கொக்கிளாய், புல்மோட்டைக் கரையின் கருமணல் ஞாபகம் வருகிறது. அதில் இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கனோடு சிறிதளவு மொனசைற்றும் உண்டு. மொனசைற்றுக்குள் தோரியம். தோரிய அணு ஒன்று ஈயமாகி முடிவதற்குள் ஆறு அல்பாத் துணிக்கைகளை விடும். ஒவ்வொன்றும் ஓர் ஈலியக் கரு. போகும் வழியில் இரேடனாகவும் ஒரு நிமிடமளவு வாழ்ந்துவிட்டுப் போகும். ஆகவே ஒரே மணலில் இந்த நிரலின் தலையும் அடியும் இருக்கின்றன. 1908இல் லெய்டனில் கமர்லிங் ஒன்னஸ் முதன்முதலாக ஈலியத்தைத் திரவமாக்கியபோது, ஈலியத்தை எடுத்தது மொனசைற்று மணலிலிருந்துதான். எங்கள் மணலில்லை, அமெரிக்க மணல். மைனஸ் 269 பாகை வரை இறங்க வேண்டியிருந்தது.

ஓகஸ்ட் 9

சரி, ஈலியத்தின் இடம். ஜூன் 6இல் பிறகு சொல்கிறேன் என்றேன்.

இரண்டு இலத்திரன், இரண்டும் முதல் உபமட்டத்தில். இலத்திரன் ஒழுங்கை மட்டும் பார்த்தால் ஈலியம் பெரிலியத்தின் தலையில் இருக்க வேண்டும், வெளி மட்டத்தில் இரண்டு இலத்திரன் உள்ள மக்னீசியம், கல்சியம் கூட்டத்தில். சார்ல்ஸ் ஜனே 1928இல் அப்படித்தான் அடுக்கினார், இன்றும் அதற்காக வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மக்னீசியத்தை வகுப்பில் எரித்துக் காட்டியவள் நான். அந்த வெள்ளை வெளிச்சத்தோடு ஈலியத்தை ஒரே வீட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அயனாக்கற்சக்தியை, அதாவது இலத்திரனைப் பிடுங்கத் தேவையான சக்தியைப் பார், கொதிநிலையைப் பார், நடத்தையைப் பார்: நேயனின் மேலேதான் அதன் இடம். இலத்திரன் எண்ணிக்கை ஒன்றைச் சொல்கிறது, குணம் வேறொன்றைச் சொல்கிறது. நான் குணத்தின் பக்கம்.

நிரலின் இலக்கமும் இடம்பெயர்ந்துகொண்டே வந்தது. முதலில் பூச்சியக் கூட்டம், பிறகு எட்டாம் கூட்டம், இப்போது 18. என் தலைமுறை எட்டென்று எழுதியது, பிள்ளைகள் 18 என்று எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே இடம்தான், குழம்பாதீர்கள்.

ஓகஸ்ட் 10

அடியில் 118, ஒகனெசன். 2016இல் பெயர் வந்தது. செய்யப்பட்ட அணுக்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அரை ஆயுள் ஒரு மில்லி செக்கன் கூட இல்லை. கணக்கீடுகள் சொல்வதன்படி அது வாயுவாகவே இல்லாமல், அறை வெப்பநிலையில் திண்மமாக இருக்கலாம். அப்படியானால் "விழுமிய வாயுக்கள்" என்ற நிரலில் விழுமியமும் இல்லாத, வாயுவும் இல்லாத ஒன்று நிற்கிறது. ஆனாலும் அது அங்கேதான் நிற்க வேண்டும், 118 வேறெங்கும் பொருந்தாது.

ஓகஸ்ட் 24

மல்லாவித் தம்பி திரும்ப எழுதியிருக்கிறான். "ரீச்சர், வெட்டவில்லை. எங்கள் வகுப்புக்கு அட்டவணை இல்லை, நீங்களே ஒன்று கீறித் தருவீர்களா?"

நேற்று இரவு கீறினேன். இந்த முறையும் கலண்டர் தாள்தான், ஆனால் இரண்டு தாளை முதலே ஒட்டிவிட்டேன். இந்த முறை வலமிருந்து தொடங்கினேன். முதலில் ஈலியம், நேயன், ஆகன், கிரித்தன், செனன், இரேடன் என்று கீழே இறங்கி, பிறகுதான் இடப்பக்கம் போனேன். செனனின் பெட்டிக்குள் 1962 என்று சின்னதாக எழுதினேன். பெரிலியத்தின் மேலுள்ள வெற்றிடத்தில், அழிக்கக்கூடிய பென்சிலால், "ஈலியம்?" என்று போட்டிருக்கிறேன். நாளை மல்லாவி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.